பிரேக், பார், ஃப்ளோ, சைஃபர்: ஹிப்-ஹாப் பேச்சை எங்கிருந்து பிடிப்பது?

கேள்வி இது: "ஆங்கில ராப் கொஞ்ச நாளாக விரும்பிக் கேட்கிறேன். வரிகளை எடுத்து வைத்துப் படித்தாலும் பாதி புரிவதில்லை. பிரேக், பார், ஃப்ளோ, சாம்பிள், பைட், சைஃபர் என்று பேசிக்கொள்கிறார்கள், தேடினால் ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்கிறார்கள். ட்ராப்பும் ட்ரில்லும் ஒன்றா? ஃப்ரீஸ்டைல் என்றால் அந்த நிமிஷத்தில் தோன்றுவதைப் பாடுவதுதானே, அப்புறம் ஏன் எழுதி வைத்ததைப் பாடிவிட்டு ஃப்ரீஸ்டைல் என்கிறார்கள்?"

ஒவ்வொன்றாக வருகிறேன், பதில் நீளமாகத்தான் போகும். முதலில் ஒரு விஷயம். இந்தச் சொற்களையெல்லாம் தெருப்பேச்சு, திமிர்ப்பேச்சு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள், அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை தொழில் சொற்கள். யாரோ ஒருவர் ஒரு கருவியின் முன்னால் நின்று கையால் செய்த ஒரு காரியத்துக்கு அந்தக் கூட்டமே வைத்த பெயர். அதனால் அர்த்தத்தைத் தேடும் முன் அந்தக் காரியத்தைப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மூத்த சொல் பிரேக். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க் பிராங்க்ஸில், 1520 செட்ஜ்விக் அவென்யூ என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் சிண்டி கேம்பல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளி திறக்கும் சமயம், புதுத் துணி எடுக்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். ரெக்கார்டு போட்டது அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல். 1967-இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து குடிவந்தவர், டிஜே கூல் ஹெர்க் என்று பெயர் எடுத்தவர். ஹெர்க் கவனித்த விஷயம் சின்னது. ஒரு ஃபங்க் பாட்டில் பாட்டு, கிட்டார், ட்ரம்பெட் எல்லாம் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் தனியாக ஓடும் சில நொடிகள் வரும், சுவரோரம் நின்றவர்கள் அந்த நொடிக்காகவே காத்திருந்து இறங்கி ஆடுகிறார்கள். அந்தச் சில நொடிகள்தான் பிரேக். ஆடவந்த கூட்டத்துக்கு அது போதவில்லை. அதனால் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்றில் பிரேக் முடிகிறபோது இன்னொன்றில் அதே இடத்தில் ஊசியை வைத்து, திரும்ப முதல் தட்டுக்குப் போய், அப்படியே நீட்டிக்கொண்டே போனார். அதற்கு அவர் வைத்த பெயர் மெர்ரி-கோ-ரவுண்ட், நம் ஊர்த் திருவிழாவில் சுற்றும் குதிரை ராட்டினம். பிரேக்குக்காகக் காத்திருந்து ஆடிய பையன்களும் பெண்களும்தான் பி-பாய், பி-கேர்ள். அந்த 'பி' பிரேக்கின் 'பி'. வெளியுலகம் அந்த ஆட்டத்தை பிரேக் டான்ஸ் என்று அழைத்தது, ஆடியவர்கள் இன்னும் பிரேக்கிங் என்றுதான் சொல்வார்கள்.

ஹெர்க் ஊசியைக் கண்ணளவில்தான் வைத்தார், தாளம் அடிக்கடி இடறும். அதைச் சரிசெய்தவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ், பார்படோஸில் பிறந்த ஜோசஃப் சாட்லர். மின்சாதனங்களைப் பிரித்து மேய்கிற ஆள். ரெக்கார்டின் மேல் கிரேயானால் கோடு போட்டு, பிரேக் எந்த இடத்தில் தொடங்குகிறது, முடிந்ததும் எத்தனை சுற்று பின்னால் திருப்பினால் மறுபடி தொடக்கத்துக்கு வரும் என்று கடிகார முள்ளைப் பார்ப்பதுபோல் கணக்குப் போட்டார். பிளேயரோடு வந்த ரப்பர் விரிப்பை எடுத்துவிட்டு, கஞ்சி போட்டு விறைப்பாக்கிய ஃபெல்ட் துணியை வெட்டி வைத்தார். இப்போது கீழே தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், மேலே ரெக்கார்டு கைக்குக் கட்டுப்பட்டு நிற்கும். இன்று கடையில் விற்கும் ஸ்லிப்மேட் அதிலிருந்து வந்ததுதான். ரெக்கார்டைப் பின்னால் திருப்பும் அந்தக் கைவேலைக்கு பேக்ஸ்பின் என்று பெயர். திருப்பும்போது வருகிற கீச்சொலி வழக்கமாக டிஜேயின் ஹெட்ஃபோனோடு நின்றுவிடும். அதையே எல்லோரும் கேட்கும்படி வெளியே விட்டு ஒரு வாத்தியமாக மாற்றியவர் ஃபிளாஷோடு பழகிய சின்னப் பையன், கிராண்ட் விசர்ட் தியடோர். அம்மா கதவைத் தட்டிச் சத்தம் போட, ஓடிக்கொண்டிருந்த ரெக்கார்டைக் கையால் பிடித்தபடி அவர் பேசுவதைக் கேட்டபோது கை முன்னும் பின்னும் அசைந்தது, அந்தச் சத்தம் பிடித்துப்போனது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஸ்கிராட்ச் பிறந்தது அப்படி. 1970-களின் நடுப்பகுதி அது.

எம்சி என்பதும் அங்கே வந்ததுதான். ஆரம்பத்தில் எம்சி பாடகர் கிடையாது, டிஜேக்குத் துணை. ஹெர்க்கின் பார்ட்டிகளில் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து நண்பர்களின் பெயரைக் கூப்பிடுவார், கூட்டத்தை உசுப்பேற்றுவார். அந்தக் கூப்பிடல் கொஞ்சம் கொஞ்சமாக எதுகை பிடித்து, வரியாகி, பிரேக் ஓடும் நேரம் முழுவதையும் நிரப்பிக்கொண்டது. இன்றைக்குப் பெயர்ப்பலகையில் ராப்பர் பெரிய எழுத்தில், டிஜே இருந்தால் சின்ன எழுத்தில். வரலாறு நேர் எதிர் வரிசையில் நடந்தது, அதை மறந்தால் பழைய பாட்டுகளில் எம்சி ஏன் தன் டிஜேயை இவ்வளவு புகழ்கிறார் என்பதே புரியாது.

பைட் என்ற சொல்லுக்கு வருவோம். கடிப்பது. இன்னொருவருடைய வரியையோ பாணியையோ எடுத்துத் தன்னுடையதாக விடுவது. இந்தக் கலாசாரத்தில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. ஆனால் உலகத்துக்கு ராப்பை அறிமுகப்படுத்திய பாட்டே பைட்டில்தான் தொடங்கியது என்பதைப் பலரும் சொல்வதில்லை. 1979-இல் நியூ ஜெர்சியில் சில்வியா ராபின்சன் சுகர்ஹில் கேங் என்று மூன்று பேரைச் சேர்த்து 'ராப்பர்ஸ் டிலைட்' பதிவு செய்தார். மூவரில் ஒருவரான பிக் பேங்க் ஹேங்க் பீட்சா கடையில் வேலை பார்த்துக்கொண்டே பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸுக்கு மேனேஜராக இருந்தவர். காஸின் வரிகளை வாங்கிக்கொண்டுபோய் அப்படியே பாடினார். எவ்வளவு அப்படியே என்றால், காஸின் பழைய மேடைப்பெயர் காசனோவா ஃப்ளை, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும் வரியைக்கூட மாற்றாமல் பாடியிருக்கிறார். பாட்டைப் போட்டுக் கேளுங்கள், இன்றைக்கும் அந்த இடத்தில் எழுத்து எழுத்தாக வேறொருவர் பெயர் கேட்கும். காஸுக்குப் பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை. இது என்னை இன்னும் உறுத்துகிற விஷயம்.

அப்படியானால் சாம்பிள் மட்டும் பைட் இல்லையா? நியாயமான சந்தேகம். ஹிப்-ஹாப்காரர்களின் கணக்கில், இன்னொரு எம்சியின் வரியை எடுப்பது திருட்டு, பழைய ரெக்கார்டின் ஒரு துண்டை எடுத்து அடையாளம் தெரியாத வேறொன்றாக மாற்றுவது கைத்திறன். வெட்டுவது சாப், சுழற்சியாக ஓடவிடுவது லூப், மொத்தமாக வேறு குணத்துக்குக் கொண்டுபோவது ஃப்ளிப். யாரும் தொடாத ரெக்கார்டைத் தேடிப் பழைய கடைகளில் பெட்டி பெட்டியாகப் புரட்டுவது கிரேட் டிகிங். இன்னொரு தயாரிப்பாளர் ஏற்கெனவே எடுத்த லூப்பை அதே மாதிரி நீங்களும் எடுத்தால் அதுவும் பைட்தான். எல்லை எங்கே என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

இதில் கருவி எப்படிச் சத்தத்தையே தீர்மானித்தது என்பதற்கு நல்ல உதாரணம் 1987-இல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200, ரெக்கார்டுத் துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கவிடும் சாம்பிளர் கருவி. அதன் மொத்த நினைவகமே 10 நொடிதான், ஒரு துண்டு இரண்டரை நொடியைத் தாண்டக் கூடாது. பத்து நொடிக்குள் டிரம்ஸ், பேஸ், மெலடி எல்லாம் அடங்க வேண்டும். தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த வழி, நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய ரெக்கார்டை 45-இல் வேகமாக ஓடவிட்டுப் பதிவுசெய்வது, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைத்துப் பழைய சுருதிக்குக் கொண்டுவருவது. நேரம் மிச்சம். ஆனால் 12 பிட் கருவியில் இப்படி இழுத்தால் ஒலி சொரசொரப்பாகும், ஓரம் தேய்ந்த மாதிரி ஒரு அழுக்கு ஏறும். அந்த அழுக்கைத்தான் 90-களின் நியூயார்க் ஒலி என்று இன்றும் கொண்டாடுகிறார்கள், இன்றைய மென்பொருள்களில் அதே அழுக்கை வேண்டுமென்றே சேர்க்கத் தனிப் பொத்தான் இருக்கிறது. டர்ட்டி என்று ஒரு பீட்டைச் சொன்னால் பாராட்டு என்பது இப்போது புரியும்.

அடுத்த ஆண்டு, 1988-இல், ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி வந்தது. 16 ரப்பர் கட்டைகள், விரலால் தட்டி வாசிக்கலாம். ஸ்விங் என்ற சொல் அதோடு ஒட்டிக்கொண்டது, அடிகளைச் சரிசமமாக வைக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றைக் கொஞ்சம் பின்தள்ளிப் போடுவது. டெட்ராய்ட்டின் ஜே டில்லா இதில் எங்கேயோ போய்விட்டார். கருவியே தாளத்தை நேர்படுத்தித் தரும் வசதியை விட்டுவிட்டு, ஸ்னேர் என்ற சடாரென்று ஒலிக்கும் டிரம் ஒரு மயிரிழை முன்னால், கிக் என்ற காலால் அடிக்கும் பெரிய டிரம் ஒரு மயிரிழை பின்னால் என்று விரல் போன போக்கில் விட்டார். தளர்ந்து நடப்பது போலிருக்கும், விழவே விழாது. 2006-இல் 32 வயதில் இறந்தார், அவருடைய எம்பிசி இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டில்லா ஃபீல் என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்கிறார்கள்.

கிளியரன்ஸ் என்ற சொல் வக்கீல்கள் கொண்டுவந்தது. 1991-இல் பிஸ் மார்க்கி ஒரு பழைய பாப் பாட்டிலிருந்து அனுமதி இல்லாமல் எடுத்ததற்காக நியூயார்க் நீதிமன்றத்தில் தோற்றார், நீதிபதி தீர்ப்பையே பைபிளின் 'திருடாதே' என்ற கட்டளையோடு ஆரம்பித்தார். அதன் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அனுமதி: பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டை எழுதியவரிடம் ஒன்று. ஒரு பாட்டில் 20 துண்டு அடுக்கிய காலம் அத்தோடு முடிந்தது. பதிவைத் தொடாமல் அதே மெட்டைப் புதிதாக வாசித்துக்கொண்டால் அது இன்டர்பொலேஷன், அப்போது ஒரு அனுமதி போதும். இன்று பெரிய பாட்டுகளில் இது இவ்வளவு அதிகமாக வருவதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை, செலவும்தான். சட்டம் ஒரு பக்கம் கடுமையாக இருக்க, அதிகம் சாம்பிள் செய்யப்பட்ட பிரேக்குகளை வாசித்த டிரம்மர்களுக்குக் காசு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1969-இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த சில நொடிகள் 'ஆமென் பிரேக்' என்று ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஓடுகின்றன. அவர் 2006-இல் வீடில்லாமல் இறந்தார்.

இப்போது பார். இது முழுக்க இசைக் கணக்கு. நாலு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார், நமக்குத் தெரிந்த ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனம் எட்டு எண்ணிக்கை, அதாவது இரண்டு பார். ராப்பில் பொதுவாக ஒரு பாருக்கு ஒரு வரி என்பதால் வரிக்கே பார் என்று பெயர் வந்துவிட்டது, அப்புறம் நல்ல வரிக்கும் அதே பெயர். ஒருவர் ஒரு வரியைக் கேட்டுவிட்டு "பார்ஸ்!" என்று மட்டும் கத்தினால், வரி அபாரம் என்று பொருள். ஒரு சரணத்துக்கு வழக்கமான அளவு 16 பார், அதைச் சும்மா சிக்ஸ்டீன் என்பார்கள். ஹூக் என்ற பல்லவி 8 பார். நிமிடத்துக்கு 90 அடி வேகத்தில் 16 பார் ஓட ஏறக்குறைய 43 நொடி ஆகும். மூன்று சிக்ஸ்டீனும் மூன்று ஹூக்கும் சேர்த்தால் மூன்று நிமிஷம் பன்னிரண்டு நொடி, வானொலிக்குக் கச்சிதமான நீளம். ஸ்ட்ரீமிங் வந்த பிறகு பாட்டுகள் சுருங்கி, சரணம் 12 பாராகக் குறைவதை இப்போது நிறையப் பார்க்கலாம்.

ஃப்ளோ என்பதைக் குரல் இனிமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நாலு எண்ணிக்கைக்குள் அசைகளை எங்கே வைக்கிறீர்கள், எங்கே மூச்சு விடுகிறீர்கள், எதை அழுத்துகிறீர்கள் என்பதுதான் ஃப்ளோ. ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு ஃப்ளோவில் சொல்லலாம். பாக்கெட்டில் இருக்கிறார் என்றால் டிரம்ஸோடு பிசகாமல் ஒட்டிப் போகிறார் என்று அர்த்தம். 2013-ஐ ஒட்டி அட்லாண்டாவின் மிகோஸ் மூலம் உலகமெங்கும் பரவிய ட்ரிப்லெட் ஃப்ளோ இருக்கிறதே, ஒரு எண்ணிக்கைக்கு மூன்று அசை, தகிட தகிட என்று, அதுதான் நம் திஸ்ர நடை. மெம்ஃபிஸில் த்ரீ 6 மாஃபியா போன்றவர்கள் அதை 90-களிலேயே செய்திருக்கிறார்கள். டொராண்டோவின் ஷான் வின்சென்ட் டி பால், யான்சனின் மிருதங்கத்தோடு செய்த ராப்களைக் கேட்டால் இந்த இரண்டு கணக்கும் எப்படிக் கைகோக்கின்றன என்பது காதிலேயே விழும்.

ரைம் விஷயத்தில் தமிழ் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் எல்லாவற்றையும் எதுகை மோனை என்று சொல்லிவிடுகிறோம், நானும் மேலே பொதுவாக எதுகை என்றேன். ஆனால் எதுகை அடியின் தொடக்கச் சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. ஆங்கில ராப்பின் அடிப்படை ரைம் வரியின் கடைசியில் வரும், அது நம் இலக்கணத்தில் இயைபு. ஆங்கிலத்தில் கடைசிச் சொல் பொருந்துவது கஷ்டம், அதனால் அதில் பெருமை. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் வந்தேன், நின்றேன், சென்றேன் என்று இயைபு தானாக வந்து விழும், அதை ரைம் என்று கொண்டாட ஒன்றுமில்லை. தமிழ் ராப் பலமாக ஒலிக்கும் இடங்களைப் பாருங்கள், அங்கே வேலை செய்வது எதுகையும் வரிக்கு நடுவே வரும் ஒலிப் பொருத்தமும்தான்.

அந்த நடுவே வரும் பொருத்தத்துக்கு இன்டர்னல் ரைம் என்று பெயர். 1986-87 வாக்கில் ரக்கீம் வந்துதான் இதை எல்லோருக்கும் பாடமாக்கினார். சாக்ஸபோன் வாசித்தவர், ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர், அதனால் வரி முடிகிற இடத்தில் வாக்கியம் முடிய வேண்டும் என்ற பழக்கத்தையே உடைத்தார். பல அசைகள் சேர்ந்து பொருந்துவது மல்டி. எமினெம் 2010-இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் இதைச் செய்தே காட்டினார். 'ஆரஞ்சு' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ரைமே கிடையாது என்பார்கள், அவர் அதை இரண்டு அசையாக இழுத்து ஃபோர்-இஞ்ச், டோர்-ஹிஞ்ச், ஸ்டோரேஜ், பாரிட்ஜ், ஜார்ஜ் என்று அடுக்கினார். எழுத்தில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை, உச்சரிப்பை வளைத்ததும் ஒட்டிக்கொள்கிறது. வரிகளைப் படித்து மட்டும் ராப்பைப் புரிந்துகொள்ள முடியாததற்குக் காரணம் இதுதான், கேட்டுக்கொண்டே படியுங்கள்.

ஃப்ரீஸ்டைல் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு பதில் காலத்தில் இருக்கிறது. 80-களில் அந்தச் சொல்லுக்கு, குறிப்பிட்ட தலைப்பு இல்லாமல் திறமையைக் காட்ட எழுதிய வரிகள் என்று பொருள், பிக் டாடி கேன் போன்றவர்கள் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். எழுதாமல் அந்த நேரத்தில் கட்டிச் சொல்வதற்கு 'ஆஃப் தி டோம்', 'ஆஃப் தி டாப்' என்று பெயர், மண்டையிலிருந்து நேராக. 90-களில் அந்தப் பொருளும் ஃப்ரீஸ்டைல் என்ற சொல்லுக்குள் வந்து சேர்ந்துகொண்டது. ஆக, ஒரு வானொலி நிகழ்ச்சியில் ஒருவர் எழுதிய வரிகளைச் சொல்லிவிட்டு ஃப்ரீஸ்டைல் என்றால் ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம், பழைய பொருளில் அது சரி.

சைஃபர் எனக்கு மிகவும் பிடித்த சொல். ராப்பர்கள் வட்டமாக நின்று ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பது. இது இசையிலிருந்து வரவில்லை, 1964-இல் ஹார்லெமில் கிளாரன்ஸ் 13 எக்ஸ் தொடங்கிய ஃபைவ் பெர்சென்ட் இயக்கத்திலிருந்து வந்தது. அவர்கள் 0 முதல் 9 வரை எண்களுக்குத் தத்துவப் பொருள் வைத்துத் தெருமுனையில் வட்டமாக நின்று பாடம் ஒப்பிப்பார்கள். 1 அறிவு, 2 ஞானம், 3 புரிதல், 0 சைஃபர், முழு வட்டம். ரக்கீம், பிக் டாடி கேன், பிராண்ட் நூபியன், வூ-டாங் குழுவினர் என்று நியூயார்க் ராப்பின் பெரும்புள்ளிகள் பலர் அந்தப் பாடத்தில் ஊறியவர்கள். 'வேர்ட் இஸ் பாண்ட்' என்றால் சொன்ன சொல் மாறாது. 'ட்ராப்பிங் சயன்ஸ்' என்றால் உண்மையை எடுத்துச் சொல்வது. 'பில்ட்' என்றால் உட்கார்ந்து ஆழமாகப் பேசுவது. நண்பரை 'ஜி' என்று கூப்பிடுவதை கேங்ஸ்டர் என்று மட்டும் விரிக்கிறார்கள். இவர்கள் வாயில் அது காட், கடவுள், கறுப்பின ஆண் ஒவ்வொருவனுக்கும் அவர்கள் தந்த பெயர். இந்தப் பின்னணி தெரியாமல் 90-களின் நியூயார்க் ஆல்பங்களைக் கேட்டால் பாதி வரிகள் காற்றோடு போய்விடும்.

டோப், இல், சிக், பேட் என்று கெட்ட பொருள் உள்ள சொல்லெல்லாம் எப்படிப் பாராட்டாகிறது என்பதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம், "பயங்கரமா பாடுறான்", "மிரட்டிட்டான்", "வெறித்தனம்" என்று தினமும் சொல்கிறவர்கள் நாம். வேக் என்றால் மட்டும் நிஜமாகவே மட்டம். இவை கறுப்பின அமெரிக்கர்களின் பேச்சுமொழியில் ஹிப்-ஹாப்புக்கு வெகு முன்பிருந்தே இருக்கும் வழக்கம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ஆங்கில N எழுத்தில் தொடங்கும் அந்த வார்த்தையைப் பாட்டோடு சேர்ந்துகூடப் பாட வேண்டாம். அடிமைத்தனத்தின் வசைச்சொல்லைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டவர்களுக்கு மட்டும் உரிய சொல் அது. 2018-இல் கென்ட்ரிக் லாமர் மேடையில் தன்னோடு பாட அழைத்த ஒரு வெள்ளை இன ரசிகை அந்த வார்த்தையையும் சேர்த்துப் பாடியபோது பாட்டையே நிறுத்தினார். நம் நிறம் நமக்கு இதில் எந்தச் சலுகையும் தராது.

ட்ராப்பும் ட்ரில்லும் ஒன்றல்ல. ட்ராப் என்பது அட்லாண்டாவில் போதைப்பொருள் விற்கும் வீட்டுக்குப் பெயர், டி.ஐ. 2003-இல் தன் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார், இசை வகைக்கும் அது நிலைத்தது. அதன் முதுகெலும்பு 808. ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் இயந்திரம் 1983-லேயே நின்றுபோனது, மொத்தம் ஏறக்குறைய 12,000 மட்டுமே செய்தார்கள். அதன் கிக் ஒலி தட்டியதும் அடங்காமல் நீளமாக அதிரும். அந்த அதிர்வைச் சுருதி சேர்த்து பேஸ் வாத்தியமாகவே வாசிக்கிறார்கள், எனவே இன்றைய ஸ்டூடியோவில் "808-ஐ ஏத்து" என்றால் இயந்திரத்தை யாரும் தேட மாட்டார்கள், பேஸைத்தான் கூட்டுவார்கள். கணினியில் 140 என்று வேகம் வைத்திருப்பார்கள், ஸ்னேர் மூன்றாவது எண்ணிக்கையில் மட்டும் விழுவதால் காதுக்கு 70 போல மெதுவாகக் கேட்கும், மேலே ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு மட்டும் படபடவென்று ஓடும்.

ட்ரில் 2010-ஐ ஒட்டி சிகாகோவின் தெற்குப் பகுதியில் பிறந்தது, சீஃப் கீஃப் அதன் முகம். ஆரம்பத்தில் ஒலி ட்ராப்பை ஒட்டித்தான் இருந்தது, வரிகள்தான் இன்னும் இருட்டு. அது லண்டன் பிரிக்ஸ்டனுக்குப் போனதும் அங்கிருந்த கிரைம் (grime, குற்றம் என்ற crime இல்லை) இசையின் கோணல் தாளமும் வழுக்கிச் செல்லும் 808-ம் சேர்ந்தன. பிறகு லண்டன் தயாரிப்பாளர்களின் அந்த பீட்டுகளை எடுத்து புரூக்ளினில் பாப் ஸ்மோக் பாடினார், ஒலி அட்லாண்டிக்கை இரண்டு முறை கடந்துவிட்டது. லண்டன் ட்ரில்லில் வரும் 'மேன்டெம்' (நம்ம பசங்க), 'வாக்வான்' (என்ன விசேஷம்) போன்றவை ஜமைக்கப் பேச்சு. டொராண்டோவிலும் அதே ஜமைக்கப் பேச்சு, அதோடு சோமாலியக் குடும்பங்கள் கொண்டுவந்த 'வல்லாஹி' (கடவுள் சத்தியமாக). ஸ்கார்பரோவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளின் ஆங்கிலத்திலும் இதெல்லாம் சரளமாக வரும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு ஹைஃபி, ஹூஸ்டனுக்கு டிஜே ஸ்க்ரூவின் மெதுவாக்கி வெட்டிய 'சாப்ட் அண்ட் ஸ்க்ரூட்' என்று ஊருக்கு ஊர் சொல் மாறும். எனவே ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் கிடைத்தால், பாடுகிறவர் எந்த ஊர், பாட்டு எந்த வருஷம் என்று முதலில் பாருங்கள். ஜீனியஸ் தளத்தில் ரசிகர் எழுதிய விளக்கமும் இருக்கும், பாடியவரே எழுதியதும் சில இடங்களில் இருக்கும், இரண்டையும் பிரித்துப் படியுங்கள்.

இந்த அர்த்தங்கள் ரசிகர்களோடு நிற்பதும் இல்லை. அட்லாண்டாவில் ராப்பர் யங் தக் மீதான வழக்கில் ஒய்எஸ்எல் என்பது 'யங் ஸ்டோனர் லைஃப்' என்ற இசை நிறுவனமா, 'யங் ஸ்லைம் லைஃப்' என்ற குற்றக் கும்பலா என்பதே மையச் சண்டை. 2023 நவம்பரில் நீதிபதி அவருடைய சில பாட்டு வரிகளைச் சாட்சியமாக வைக்க நிபந்தனையோடு அனுமதித்தார். அவருடைய வழக்கறிஞர் எழுந்து 'தக்' (Thug) என்பது 'ட்ரூலி ஹம்பிள் அண்டர் காட்', அதாவது 'கடவுளுக்குக் கீழே உண்மையாகவே பணிவானவன்' என்பதன் சுருக்கம், 'புஷிங் பி' என்ற பாட்டில் வரும் பி 'பாசிட்டிவிட்டி' என்ற நல்லெண்ணத்தைக் குறிக்கிறது என்று ஜூரிகளுக்கு விளக்கம் சொன்னார். கலிஃபோர்னியா 2022-லேயே பாட்டு வரிகளைக் குற்றச் சாட்சியமாகப் பயன்படுத்துவதற்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது, அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் அப்போது அப்படி ஒன்று இருக்கவில்லை. யங் தக் 2024 அக்டோபரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே வந்தார், அதற்குள் இரண்டு வருஷத்துக்கும் மேல் சிறையில் கழிந்திருந்தது.